பம்பு நல்லாத்தான் இருந்தது

அலுவலகத்தில் எந்த மென்பொருள் படுத்துக்கொண்டாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “கடைசியா யாரு, எதை மாத்துனீங்க?” பெரும்பாலும் பதில் அதிலேயே கிடைத்துவிடும். இந்த ஒரு கேள்விக்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றுகூட எனக்கு ஒரு நினைப்பு உண்டு. ஆனால் என்னுடைய டிராவல் டிரெய்லரில் தண்ணீர் வராமல் போனபோதெல்லாம் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் என்ன வரும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. டிரெய்லரில் கை வைக்கிற ஒரே ஆள் நான்தான்.

டிராவல் டிரெய்லர் என்றால் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. வசதியான முகாம்களில் ஹோஸைக் கொண்டுபோய்க் குழாயில் மாட்டிவிட்டால் வெளி அழுத்தத்திலேயே தண்ணீர் உள்ளே வந்துவிடும். அந்த வசதி இல்லாத இடங்களில், அதாவது போக ஆசைப்படுகிற இடங்களில் எல்லாம், வண்டிக்கு அடியிலுள்ள தொட்டியும் கட்டிலுக்குக் கீழே இருக்கிற ஒரு சின்ன பம்பும்தான் கதி.

நம் ஊர் வீடுகளில் மோட்டார் போட்டால் மேல்தொட்டிக்கு ஏறும், அங்கிருந்து தானாக இறங்கும். இங்கே மேல்தொட்டி கிடையாது. குழாயைத் திறந்ததும் அழுத்தம் குறையும், பம்பிலுள்ள சுவிட்ச் அதை உணர்ந்து மோட்டாரை ஓடவிடும். குழாயை மூடினால் அழுத்தம் ஏறும், சுமார் 55 பிஎஸ்ஐ வந்ததும் மோட்டார் தானே நிற்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. உள்ளே ரப்பர் டயாஃப்ரம் முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரை உறிஞ்சித் தள்ளுகிறது. கொஞ்ச நேரம் தண்ணீரே இல்லாமல் ஓடினாலும் கெட்டுப்போகாது. எளிமையான, பொறுமையான சாதனம். என்னிடம் மாட்டியது அதன் விதி.

ஒரு டிசம்பரில் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். மனைவி, மகன், ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், நான். மாமனார் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்து விவசாயி. வாழ்நாளில் பாதியைக் கிணற்று மோட்டாரோடு சண்டை போட்டே கழித்தவர். நாங்கள் இடம் பிடித்திருந்த ஜம்போ ராக்ஸ் முகாமில் தண்ணீர் கிடையாது. குழாயே இல்லை, வேண்டியதை நாமேதான் கொண்டுபோக வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முன்பே தொட்டியை ப்ளீச் ஊற்றிக் கழுவி, அடியிலுள்ள திருகைத் திறந்து வடித்து, மறுபடி நிரப்பினேன். 40 கேலன், அதாவது 150 லிட்டருக்கு மேல். “போற வழியில பக்கத்து ஊர்ல புடிச்சுக்கலாமே, இத்தனை கனத்தை எதுக்கு இழுக்கணும்?” என்று மனைவி கேட்டாள். திட்டமிடுதல் பற்றி ஒரு சின்ன உரை நிகழ்த்தினேன்.

கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கிற ஃப்ரீமான்ட்டிலிருந்து ஐ-5 பிடித்து, பேக்கர்ஸ்ஃபீல்டில் திரும்பி, டெஹாச்சப்பி மலை ஏறி இறங்கிப் பாலைவனத்துக்குள் போகிற நீண்ட பாதை அது. சென்ட்ரல் வேலியைக் கடக்கும்போது சாலையோரமெல்லாம் தண்ணீர் கேட்டு விவசாயிகள் வைத்த பலகைகள். பாதாம் தோட்டங்களுக்கு நடுவே மாமனார் ஒவ்வொரு பலகையையும் மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தார். இங்கேயும் இதே பாடுதானா என்று அவருக்கு ஒரு ஆறுதல்.

ஜம்போ ராக்ஸில் வண்டியை நிறுத்தி, மட்டம் பார்த்து, பம்பு சுவிட்சைப் போட்டேன். டர்ர்ர் என்று ஓடியது. குழாயில் இரண்டு தும்மல், அப்புறம் வெறும் காற்று.

சுவரிலுள்ள பலகையில் பொத்தானை அமுக்கினால் தொட்டிகளின் அளவு விளக்குகளில் தெரியும். நல்ல தண்ணீர்த் தொட்டி ‘காலி’ என்று காட்டியது. நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. கழிவறைத் தொட்டியின் சென்சார்களில் காகிதமும் மற்றதும் ஒட்டிக்கொண்டு, காலித் தொட்டியையும் முக்கால் என்று காட்டுவது எல்லா டிரெய்லர்களிலும் சகஜம். அதைப் படித்துத் தெரிந்துகொண்டதிலிருந்து அந்தப் பலகை எதைச் சொன்னாலும் “இது பொய் சொல்லும்” என்று விவரம் தெரிந்தவனாகச் சிரிப்பது என் வழக்கமாகியிருந்தது. நல்ல தண்ணீர்த் தொட்டியில் அந்த அழுக்கெல்லாம் கிடையாது, அதன் சென்சார் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

கட்டிலைத் தூக்கினேன். பம்பு முட்டுக்கட்டை போல நடுவில் உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் குழாயில் ஒரு சின்ன வடிகட்டி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியோடு. மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே சல்லடையில் வெள்ளை வெள்ளையாகச் சுருள்கள், துருவிய தேங்காய் மாதிரி. தொழிற்சாலையில் தொட்டிக்கு ஓட்டை போடும்போது உதிர்ந்து உள்ளேயே தங்கிவிட்ட பிளாஸ்டிக் சீவல்கள் அவை. புது டிரெய்லர்கள் பலவற்றில் இது இருக்கும். சின்னத் துணுக்கு ஒன்று வடிகட்டியைத் தாண்டி பம்பின் வால்வில் மாட்டினாலே போதும், தொல்லைதான்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான். சீவல்களை உள்ளங்கையில் வைத்து மனைவியிடம் காட்டினேன், மகனிடம் காட்டினேன், மாமனாரிடம் விளக்கத்தோடு காட்டினேன். சல்லடையைத் துடைத்து, ஓ-ரிங்கைச் சரியாக உட்கார வைத்து, மூடியை இறுக்கி, சுவிட்சைப் போட்டேன். டர்ர்ர். காற்று.

பிறகு ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபியூஸில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை. மல்டிமீட்டரை எடுத்து வோல்டேஜ் பார்த்தேன். மல்டிமீட்டர் கையில் இருந்தால் எதையாவது அளக்கத்தான் தோன்றுகிறது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெளியே பாறைகளின் மேல் விழுந்த செம்மஞ்சள் வெயிலைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் வந்திருந்தோம். மற்ற மூவரும் பார்த்தார்கள். நான் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் உள்ளே வந்து கொஞ்ச நேரம் நின்றார். “ஏனுங் மாப்ள, தொட்டியில தண்ணி இருக்குதுங்களா?”

“இருக்குதுங் மாமா. நானே ரொப்பினேன்.”

“செரிங்க” என்று வெளியே போனவர், வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, அடியில் தொட்டியைக் கைமுட்டியால் தட்டினார். டொங் டொங் என்று உள்ளே இருந்த எனக்கே கேட்டது. அடியிலிருந்த திருகை நான் முக்கால்வாசிதான் மூடியிருக்கிறேன். வீட்டு வாசலில் ஏற்கெனவே ஹோஸ் தண்ணீர் வழிந்து ஈரமாக இருந்ததால் சொட்டு தெரியவில்லை. தண்ணீர் இல்லை என்று பலகை வைத்திருந்த அந்த விவசாயிகள் முன்னால் வழிநெடுக ஒழுகவிட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

“ரோட்டுக்கே தண்ணி பாச்சிட்டு வந்துட்டோமுங்க” என்றார் மாமனார். ‘வந்துட்டோம்’ என்று தன்னையும் சேர்த்துச் சொன்னது அவருடைய பெருந்தன்மை. அன்று இரவு ட்வென்டினைன் பாம்ஸ் ஊருக்கு இறங்கிப்போய் கேன்களில் தண்ணீர் வாங்கி வந்து புனல் வைத்து ஊற்றினேன். பம்பு முதல் முயற்சியிலேயே வேலை செய்தது. வேலை செய்யாது என்று அது எப்போது சொன்னது?

திரும்பி வந்ததும் எனக்குப் பனி பயம் பிடித்துக்கொண்டது. ஜோஷுவா ட்ரீயில் இரவுக் குளிர் உறைநிலைக்கு இறங்கியதைப் பார்த்ததன் விளைவு. குழாயில் தங்கிய தண்ணீர் உறைந்தால் விரியும். பம்பின் கூடு, வடிகட்டியின் மூடி, குழாய் முடிச்சுகள் எது வேண்டுமானாலும் வெடிக்கும். அதனால் மினசோட்டா, மிச்சிகன் மாதிரியான பனி ஊர்களில், குளிர்காலத்துக்கு முன்பு தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கிற உறையாத் திரவத்தைக் குழாய்களில் ஓடவிட்டு வைப்பார்கள். இதற்கென்றே பம்புக்கு முன்னால் ஒரு மூவழி வால்வு இருக்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் பம்பு தொட்டியை விட்டுவிட்டு, பக்கத்தில் தொங்குகிற குட்டி ஹோஸ் வழியாகப் புட்டியிலிருந்து உறிஞ்சும். வெந்நீர் ஹீட்டருக்குள் அந்தத் திரவம் போய் வீணாகாமல் இருக்க அதற்கும் பைபாஸ் வால்வு உண்டு.

எங்கள் ஃப்ரீமான்ட் பக்கத்துக் குளிருக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்று டிரெய்லர் வைத்திருக்கிற நண்பர்கள் சொன்னார்கள். நான் செய்தேன். மிகச் சரியாகச் செய்தேன். எல்லாக் குழாயிலும் இளஞ்சிவப்பாக வரும்வரை நின்று பார்த்து, படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன்.

வசந்தத்தில் பின்னக்கிள்ஸ் பூங்காவுக்குப் போவதற்கு முதல் நாள், வீட்டு வாசலில் டிரெய்லரை நிறுத்தித் தொட்டியை நிரப்பினேன். இந்தத் தடவை அடித்திருகை மகனையும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். தொட்டியை நானே தட்டிப் பார்த்தேன், கெட்டியாகச் சத்தம் வந்தது. பலகையும் ‘முழுசு’ என்றது. பம்பைப் போட்டேன். டர்ர்ர். காற்று.

தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, குழாயில் வரவில்லை. ஆகவே பம்பு போய்விட்டது. இதைவிடத் தெளிவான தர்க்கம் உண்டா? டிரெய்லர் உதிரிபாகக் கடைக்கு ஓடி, கடை மூடுவதற்குள் புதுப் பம்பு வாங்கி வந்தேன். பழையதைக் கழற்றினேன், புதியதை மாட்டினேன். குழாய் இணைப்புகளில் ஒழுகக் கூடாது என்று மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி, ஸ்பேனர் போட்டு, என் பலத்தையெல்லாம் காட்டி இறுக்கினேன். பிறகு இந்த ஸ்பேனர் விஷயத்துக்கு வருகிறேன். சுவிட்சைப் போட்டேன். புதுப் பம்பு இன்னும் இனிமையாக டர்ர்ர் என்றது. காற்றும் புதுசாக வந்தது.

மாமனார் கட்டிலோரத்தில் குந்தி உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார். “காத்து வாங்குதுங் மாப்ள. புட்வால்வு எங்கீங்க இருக்குது?”

கிணற்றுக் குழாயின் அடியில் தண்ணீர் இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்கிற அந்த புட்வால்வு இதில் இல்லை என்றேன். அவரால் நம்ப முடியவில்லை. புட்வால்வு இல்லாமல் ஒரு மோட்டாரை எவன் போடுவான்? இது தானாக உறிஞ்சிக்கொள்கிற வகை, ஊரிலிருக்கிற மோனோபிளாக் மாதிரி தண்ணீர் ஊற்றிக் கிளப்ப வேண்டாம் என்று டயாஃப்ரம் பற்றி விளக்கினேன். நல்ல விளக்கம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எதுக்கும் கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாப்போமுங்க” என்றார். சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தார். எங்கே ஊற்றுவது? பம்பில் ஊற்றுவதற்கு வாய் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தவர், பம்புக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்த குட்டி ஹோஸைக் கண்டு, “இதென்னுங்க, வாயத் தொறந்துட்டுக் கெடக்குது?” என்று அதன் நுனியைச் சொம்புக்குள் விட்டார்.

பம்பு சொம்புத் தண்ணீரை சர்ரென்று ஒரே மடக்கில் குடித்தது. சமையலறைக் குழாயில் தண்ணீர் கொட்டியது. சொம்பு காலியானதும் நின்றுவிட்டது.

சொம்பைப் பார்த்தோம். ஹோஸைப் பார்த்தோம். ஹோஸ் போய்ச் சேருகிற வால்வைப் பார்த்தோம். பனிக்காலத்தில் நான் மிகச் சரியாகத் திருப்பி, அப்படியே விட்டு வைத்த வால்வு. நிறைந்த தொட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பம்பு அதுவரை காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினேன். தண்ணீர் வந்தது.

நோயைச் சொன்னதில் மாமனார் சரி. மருந்தில் தப்பு, பம்புக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் தப்பான மருந்தை நீட்டி நோயைக் கண்டுபிடித்தவர் அவர். சரியான விளக்கத்தைச் சொல்லிக்கொண்டே கண்ணுக்கு முன்னால் இருந்த வால்வைப் பார்க்காதவன் நான். அடுத்த நாளே ஊருக்கு ஃபோன் போட்டு, அமெரிக்காவில் மோட்டாரைச் சொம்புத் தண்ணீரில் கிளப்பிய கதையைத் தன் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை.

வெற்றி மிதப்பில் ஹீட்டரின் மின் சுவிட்சையும் அன்றே போட்டுவிட்டேன். ஹீட்டர் பைபாஸில்தான் இருந்தது, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் மின்சாரம் கொடுத்தால் எலிமென்ட் சட்டென்று கருகிவிடும். கருகியது. பின்னக்கிள்ஸில் காஸில்தான் வெந்நீர் போட்டோம். இதைப் பற்றி இதற்கு மேல் பேச விருப்பமில்லை.

பின்னக்கிள்ஸ் 2013-இல் தேசியப் பூங்காவானது. கலிஃபோர்னியா காண்டார் என்கிற பெரிய கழுகினத்தை வளர்த்து அங்கே காட்டில் விட்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம். அதை நான் தூக்கக் கலக்கத்தோடுதான் பார்த்தேன், ஏனென்றால் ராத்திரி முழுக்க பம்பு உறுமியது. குழாய் எல்லாம் மூடியிருக்கிறது, யாரும் கழிப்பறைக்குப் போகவில்லை, ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டுர்’ என்று ஒரு நொடி ஓடி நின்றது. ஒரு நொடிதான். அடுத்தது எப்போது வரும் என்று காத்துக் கிடப்பதில்தான் தூக்கம் போகும்.

இந்த உறுமலுக்கு அர்த்தம் ஒன்றே ஒன்று: அழுத்தம் எங்கேயோ கசிகிறது. தண்ணீர் வெளியே போகிறது, அல்லது பம்பின் உள்வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்பிப் போகிறது. கழிப்பறை வால்வை டார்ச் அடித்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. வெளியே போய் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வில் விரல் வைத்தேன், சொட்டு இல்லை. ஆகவே புதுப் பம்பின் உள்வால்வு கெட்டது, கடைக்காரன் மட்டமான பம்பைத் தலையில் கட்டிவிட்டான் என்ற முடிவுக்கு நள்ளிரவுக்கு மேல் வந்து, மனைவியை எழுப்பிச் சொன்னேன். எழுப்பியிருக்க வேண்டாம்.

விடிந்ததும் கட்டிலைத் தூக்கினால் பம்புக்குக் கீழே பிளைவுட் கறுத்து ஊறியிருந்தது. தண்ணீர் வெளியேறும் பக்கத்து இணைப்பில் மயிரிழை விரிசல். அந்த இணைப்புகள் பிளாஸ்டிக். உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர்தான் தண்ணீரை அடைக்கும். மரைக்கும் ஒழுகலுக்கும் சம்பந்தமில்லை, டேப் தேவையில்லை, கையால் இறுக்கினால் போதும். புதுப் பம்போடு வந்த தாளில் படம் போட்டே சொல்லியிருந்தார்கள். அந்தத் தாளைத்தான் சொட்டு நீருக்காகப் பம்புக்கு அடியில் விரித்து வைத்திருந்தேன்.

அங்கே மாற்று இணைப்பு கிடைக்காது. வேண்டும்போது மட்டும் பம்பைப் போடுவது, இல்லாதபோது சுவிட்சை அணைப்பது என்று ஓட்டினோம். டிரெய்லர் வைத்திருக்கிறவர்கள் பலர் எப்போதுமே அப்படித்தான் செய்கிறார்களாம், படுக்கும்போதும் வெளியே கிளம்பும்போதும் அணைத்துவிடுவார்கள். எங்கேயாவது குழாய் பிய்த்துக்கொண்டாலும் தொட்டி முழுக்க வீட்டுக்குள் கொட்டாது. நல்ல பழக்கம். எனக்கு வந்தது வேறு வழியில்லாததால்.

அதே பயணத்தில் இன்னொன்று. வெந்நீர் வெதுவெதுப்பாகவே வந்தது. ஹீட்டர் கொதிக்கிறது, குழாயில் சூடில்லை. பைபாஸ் வால்வுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பம்பின் அழுத்தத்தைச் சந்தேகப்பட்டேன். டிரெய்லருக்கு வெளிப்புறம், கால் கழுவ ஒரு சின்ன ஷவர் உண்டு. மகன் கால் கழுவிவிட்டு, கைப்பிடியிலுள்ள பொத்தானை மட்டும் அமுக்கி நிறுத்தியிருக்கிறான். சூடு, குளிர் என்று இரண்டு திருகுகளும் திறந்தே கிடந்தன. அந்த இடத்தில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து வண்டி முழுக்க வெதுவெதுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கினால் போதும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்த மேதை யார் என்று மனைவி கேட்கவில்லை. அதற்குள் குடும்பத்தில் அந்தக் கேள்வி தேவைப்படாத நிலை வந்திருந்தது.

மாமனார் ஊருக்குப் போய்விட்டார். இப்போதும் ஃபோனில் முதலில் மகளை விசாரிப்பார், பேரனை விசாரிப்பார், அப்புறம் “மோட்டாரு எப்புடீங்க ஓடுது?” என்பார். நன்றாக ஓடுகிறது என்பேன். பொய்யில்லை. பம்பு எப்போதுமே நன்றாகத்தான் ஓடியது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு குற்றமும் செய்யாமல் தண்டனை அனுபவித்தது கழற்றிப் போட்ட அந்தப் பழைய பம்புதான். அட்டைப்பெட்டிக்குள் கராஜில் கிடக்கிறது. 12 வோல்ட், நிமிடத்துக்கு 3 கேலன், வடிகட்டி சுத்தமாக இருக்கிறது. ஃப்ரீமான்ட் பக்கத்தில் யாருக்காவது தேவைப்பட்டால் சும்மாவே தருகிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன்னால் மட்டும் உங்கள் கட்டிலைத் தூக்கி, மூவழி வால்வு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் வர வேண்டியிருக்காது.